அறுபத்து நாலாவது எழுத்து

அத்தியாயம் 9

நாலு மணிக்கு விசாரணை. இப்போதே ஒன்றரை ஆகிவிட்டது. ஸ்டோர்ஸ் அறையில் இருந்த ஒரே நாற்காலியை அண்ணி பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கிடைத்தது ஒரு கையுறைப் பெட்டி. உட்கார்ந்ததும் ஒரு பக்கமாக அமுங்கியது. நாலு நாளாக இந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அலைந்ததில் நானும் ஏறக்குறைய அதே நிலைமையில்தான் இருந்தேன்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. இருபத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரார் சொல்லும் எண்களைக் கேட்டு எழுதியவர். எக்ஸ்சேஞ்சை மூடிய பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் துப்பறிய ஆரம்பித்தார். வீட்டில் வேலை வெட்டி இல்லாத கொழுந்தன் ஒருவன் தயாராக இருந்ததால் உதவியாளருக்கு விளம்பரம் கொடுக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

வழக்கு இதுதான். ரத்தம் பரிசோதிக்கும் இந்தக் கட்டடத்தின் மாடியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பழைய கம்ப்யூட்டர். பத்து வருஷத்து நோயாளிகளின் ரிப்போர்ட்டுகள் அத்தனையும் அதற்குள். வெளியாள் யாரும் நுழைந்துவிடக் கூடாது என்று அதற்கு இன்டர்நெட்டே கொடுக்கவில்லை. ஓடுவது லினக்ஸ் என்ற மென்பொருளில். அதைப் புதுப்பிக்க வேண்டுமானால் தலைமை அலுவலகம் லினக்ஸின் புதுப் பதிப்பையும் ரிப்போர்ட் புரோகிராமையும் சேர்த்து ஒரே டிஸ்க்கில் பதிந்து அனுப்பும். அதைப் போட்டு உட்கார்ந்த இடத்திலேயே புதுப்பிக்க வேண்டும்.

அந்த வேலையைச் செய்கிறவளை எல்லோரும் சிஸ்டம்மா என்பார்கள். சிஸ்டம் பார்க்கிற அம்மா. பதினோரு வருஷமாகத் தற்காலிக ஊழியர். இந்த மாதம் அவளை நிரந்தரம் செய்து உத்தரவு வந்திருக்க வேண்டும். வந்தது சார்ஜ் மெமோ.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டோர்ஸ் அலமாரியிலிருந்து டிஸ்க்கை எடுத்துப் புதுப்பித்திருக்கிறாள். பழைய ரிப்போர்ட்டுகள் இருக்கின்றனவா என்று பார்த்திருக்கிறாள், எல்லாம் இருந்தன. டிஸ்க்கைக் கவரில் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு ஒரு மணிக்குக் கிளம்பிவிட்டாள். திங்கள் காலை கம்ப்யூட்டரைப் போட்டால் ஒரு ரிப்போர்ட் இல்லை. பத்து வருஷமும் துடைத்து விட்டாற்போல் காலி. மேனேஜர் தலைமை அலுவலகத்துக்குச் சொல்ல, அவர்கள் முதலில் கேட்டது டிஸ்க்கின் கைரேகையை.

கைரேகை என்பது நான் வைத்த பெயர். அந்தத் துறையில் வேறு என்னவோ சொல்கிறார்கள். டிஸ்க்கைப் போட்டு ஒரு கட்டளை தட்டினால், உள்ளே இருக்கும் சரக்கையெல்லாம் கணக்குப் போட்டு அறுபத்து நாலு எழுத்தில் ஒரு விடை வரும். பாதி எண்கள், பாதி இங்கிலீஷ் எழுத்துகள். சரக்கில் ஒரு புள்ளி மாறினாலும் விடை தலைகீழாக மாறிவிடும். டிஸ்க் வந்த அன்றே ஸ்டோர்ஸ்காரர் அதைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. அவர் சனிக்கிழமை தேதியில் எழுதியிருந்ததும் தலைமை அலுவலகத்தின் கைரேகையும் ஒத்துப்போகவில்லை. சனிக்கிழமை கூரியரிடம் கையெழுத்துப் போட்டு டிஸ்க்கை வாங்கி ஸ்டோர்ஸில் கொடுத்தது சிஸ்டம்மா. ஆகவே அவள் வேறு டிஸ்க்கை மாற்றிக் கொடுத்து, அதையே போட்டு, வேண்டுமென்றே எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். மெமோவில் இது மூன்று பக்கத்துக்கு நீள்கிறது.

புதுப்பிக்கும் முன்னால் கைரேகையைத் தலைமை அலுவலகக் கடிதத்தோடு ஒத்துப் பார்த்தேன், அறுபத்து நாலும் சரியாக இருந்தது என்கிறாள் அவள். அந்தக் கடிதம் சனிக்கிழமையிலிருந்து அவள் கைப்பையில்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் யாரும் இல்லை, எனவே அவள் சொல்வதற்கு அவளே சாட்சி. டிஸ்க் இருக்கும் கவரை மேனேஜர் அரக்கு வைத்து மேஜையில் பூட்டிவிட்டார். விசாரணை அதிகாரி முன்னால்தான் பிரிப்பார்களாம். சிஸ்டம்மாவுக்கு மாடியில் காலெடுத்து வைக்க அனுமதி இல்லை. நோயாளிகளின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பதிவேட்டைப் பார்க்க அவள் சார்பில் எங்களுக்கு இன்று ஒரு நாள் அனுமதி.

பார்த்தோம். கடிதத்தில் இருந்ததை ஒரு துண்டுக் காகிதத்திலும், பதிவேட்டில் இருந்ததை இன்னொன்றிலும் எழுதி ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தேன். முதல் பதினெட்டு எழுத்து ஒன்றாகவே இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

"வேற டிஸ்க்னா முதல் எழுத்துலயே மாறியிருக்கணுமே அண்ணி. இதென்ன, பதினெட்டு வரைக்கும் நல்ல பிள்ளையா இருந்துட்டு அப்புறம் கெட்டுப் போயிருக்கு?"

அண்ணி கணுக்காலை விட்டுவிட்டுக் கீழே இருந்த துண்டை ஒரு எழுத்து வலது பக்கம் நகர்த்தினார். கடைசி வரை அச்சடித்தது போல் பொருந்தியது. சட்டையின் நடுவில் ஒரு பித்தானை விட்டுவிட்டு மீதியைப் போட்ட கதைதான். எண்ணிப் பார்த்தேன். பதிவேட்டில் இருந்தது அறுபத்து மூன்றே எழுத்து. கடிதத்தில் பத்தொன்பதாவதாக ஒரு 'இ', அதற்கடுத்து ஒரு 'ரெண்டு'. பதிவேட்டில் 'ரெண்டு' மட்டும். இ-யைக் காணவில்லை.

ஸ்டோர்ஸ்காரர் அலமாரியில் சாய்ந்துகொண்டு, கைக்குட்டையால் வலது கன்னத்தைப் பொத்தியபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது மனிதர். கன்னம் லேசாக வீங்கியிருந்தது. எப்படி எழுதினீர்கள் என்று அண்ணி கேட்டார். சனிக்கிழமை மாடிக்குப் போய் கம்ப்யூட்டரில் டிஸ்க்கைப் போட்டேன், திரையைப் பார்த்து எழுதினேன், கூட ஒருவரும் இல்லை என்றார். பார்த்து எழுதினேன் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

அண்ணி ஒரு பழைய கவரைத் திருப்பிப் போட்டுப் பேனாவை எடுத்தார். கடிதத்தில் இருப்பதை வேகமாகப் படி என்று என்னிடம் சொன்னார். நானும் பசியில் ஒரே மூச்சாகப் படித்தேன். "…ஒன்பது, எஃப், நாலு, இ, ரெண்டு, சி, ஏ, ஏழு…" அண்ணி காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதி முடித்து, கவரை ஸ்டோர்ஸ்காரர் பக்கம் தள்ளினார். அதிலும் அறுபத்து மூன்று எழுத்து. அதிலும் இ-யைக் காணவில்லை.

"கண்ணால பார்த்து எழுதறவங்க எழுத்தை இடம் மாத்திப் போடுவாங்க, இல்ல ஒரு வரியையே விட்டுடுவாங்க. 'இ'யையும் 'ரெண்டை'யும் ஒட்ட வச்சு 'இரண்டு' ஆக்கறது காது மட்டும்தான். எக்ஸ்சேஞ்சுல சேர்ந்த முதல் வாரமே இதுக்கு நான் திட்டு வாங்கியிருக்கேன்" என்றார் அண்ணி. "உங்களுக்கு யாரோ படிச்சுக் காட்டியிருக்காங்க. யாரு?"

ஸ்டோர்ஸ்காரர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு கையுறைப் பெட்டிகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். சனிக்கிழமை அவர் பதிவேட்டைத் தொடவே இல்லை. பல்வலி தாங்காமல் டிஸ்க்கை அலமாரியில் வைத்துவிட்டு ஓடி, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு மேனேஜர் வரச் சொல்லியிருக்கிறார். மறுநாள் ஆடிட், பதிவேட்டில் அந்த இடம் காலி. பதிவேடு ஸ்டோர்ஸை விட்டு வெளியே போகக் கூடாது, கம்ப்யூட்டர் மாடியை விட்டு இறங்காது. ஆகவே மேனேஜர் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், திரையில் வந்ததை இன்டர்காமில் படிக்க, இவர் கீழே உட்கார்ந்து சனிக்கிழமை தேதி போட்டு எழுதியிருக்கிறார்.

"எழுதினதைத் திருப்பிப் படிச்சுக் காட்டியிருக்கலாமே" என்றேன்.

"வாய் இவ்வளவு பெருசா வீங்கியிருந்துச்சு சார். 'ம்'னு சொல்றதுக்கே உயிர் போச்சு."

ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேரும் இங்கே வரவே இல்லை என்று திங்களன்று மேனேஜர் சொன்னாராம். இவரும் தலையாட்டிவிட்டார். சிஸ்டம்மாவின் தலையில் விழும் என்று அப்போது தெரியாது என்றார். தெரிந்த பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. பல்லைக் காரணம் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

எனக்கு ரத்தம் சூடேறிவிட்டது. சிஸ்டம்மா போன பிறகு கம்ப்யூட்டரைத் தொட்டது மேனேஜர், அழித்ததும் அவர்தான், வாருங்கள் போய் உலுக்கலாம் என்றேன். அண்ணி நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டார். "கைரேகை பார்க்கறதால எதுவும் அழியாதுப்பா. அந்தாளு ஒண்ணும் கெட்டிக்காரர் மாதிரியும் தெரியல. முதல்ல மாடிப்படி ஏறணும், அதை நினைச்சாதான் எனக்கு அழுகை வருது."

முப்பத்தாறு படி. பாதியில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினோம். இந்த வழக்கு முடிந்தால் மூன்று நாள் தூங்கப் போவதாக அண்ணி சொன்னார். போன வழக்கிலும் இதையேதான் சொன்னார்.

மாடியில் ரத்தம் எடுக்கும் அம்மாள் அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து ஒரு கட்டுக் காகிதத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கொட்டித் தீர்த்தாள். திங்கள் அடித்ததைச் செவ்வாய்க்கிழமை காணோம். செவ்வாய் சேர்த்து அடித்ததைப் புதன்கிழமை காணோம். தினமும் காலையில் முதலிலிருந்து அடிக்க வேண்டியிருக்கிறது, விரலெல்லாம் மரத்துப் போய்விட்டது. நேற்று ஒரு நோயாளியின் டாக்டர் மூன்று வருஷத்து ரிப்போர்ட்டை ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்டார், என்ன சொல்வது என்று தெரியாமல் விழித்தோம் என்றாள்.

"ஆனா ஒரு நல்லது. முன்னயெல்லாம் பாஸ்வேர்டு கேட்டு உசிரை வாங்கும். இப்ப அதெல்லாம் கிடையாது. போட்டதும் நேரா உள்ள போயிடுது."

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாஸ்வேர்டே கேட்பதில்லையா என்று இன்னொரு தடவை கேட்டார். இல்லை என்றாள் அந்த அம்மாள். சாயங்காலம் அணைக்கும்போது ஏதாவது சொல்கிறதா என்று கேட்டதற்கு, இங்கிலீஷில் ஒரு வரி வரும், என்டரைத் தட்டிவிட்டுப் போய்விடுவோம் என்றாள். என்ன வரி என்று அவள் படித்ததில்லை. நாலு நாளாக யாருமே படித்ததில்லை. அதையெல்லாம் படிப்பது சிஸ்டம்மாவின் வேலை என்றாள்.

மறுபடியும் முப்பத்தாறு படி, இந்த முறை கீழே. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணிக்கும் முழுதாகப் புரிந்திருக்காது. ஆனால் யாரைக் கேட்டால் புரியும் என்று தெரிந்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிஸ்டம்மாவிடம் போய், பாஸ்வேர்டு கேட்பதில்லையாம், அடித்தது மறுநாள் இருப்பதில்லையாம் என்று மட்டும் சொன்னார்.

சிஸ்டம்மா எழுந்து நின்றுவிட்டாள். நாலு நாளாக அவளிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. மாடிக்கு விடாதவளிடம் எப்படிச் சொல்வார்கள்?

"டிஸ்க் உள்ளயே இருக்குங்க" என்றாள்.

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். அந்த டிஸ்க் தானாகவே ஒரு கம்ப்யூட்டரை ஓட்டக்கூடியது. அதை உள்ளே வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டால், அது தன் சொந்த நினைவைத் திறக்காமல் டிஸ்க்கில் இருப்பதை வைத்தே ஓட ஆரம்பித்துவிடும். பார்ப்பதற்கு அதே திரை, அதே புரோகிராம். ஆனால் காலி. வீட்டைத் திறக்காமல் வாசலில் கூடாரம் அடித்துக் குடியிருப்பது மாதிரி. சாயங்காலம் கூடாரத்தைப் பிரித்தால் அன்றைக்குச் சேர்த்ததெல்லாம் போய்விடும். வீட்டுக்குள் இருக்கும் பத்து வருஷமும் பூட்டியபடி பத்திரமாக இருக்கும்.

"டிஸ்க்குதான் மேனேஜர் மேஜையில அரக்கு வச்ச கவர்ல இருக்கே?" என்றேன்.

"அதைப் பிரிக்கும்போது காலியா இருந்தா, டிஸ்க்கைத் திருடினதும் நான்தான்னு இன்னொரு பக்கம் எழுதுவாங்க" என்றாள் அவள்.

மணி மூன்றேகால். மேனேஜர் அறையில் மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அரக்குக் கவரை மேஜை நடுவில் எடுத்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாப்பாட்டு டப்பா, மூடி திறக்கவே இல்லை. நான் அவரைப் பிடித்து உலுக்குவதாக இருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் என் கை எழவில்லை. ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி என்று அண்ணி ஆரம்பித்ததுமே அவர் கண்ணை மூடிக்கொண்டார். மாடிக்கு வாருங்கள், சிஸ்டம்மாவையும் கூப்பிடுங்கள் என்றார் அண்ணி. தடை விதித்தவரே வாசல் வரை போய் அவளைக் கூப்பிட்டார்.

சிஸ்டம்மா கம்ப்யூட்டரை அணைத்தாள். திரையில் அந்த இங்கிலீஷ் வரி வந்தது. உள்ளே இருக்கும் டிஸ்க்கை எடுத்துவிட்டு என்டரைத் தட்டவும் என்று மரியாதையாகக் கேட்டிருந்தது. அவள் பொத்தானை அமுக்க, தட்டு வெளியே நீண்டது. அதில் டிஸ்க். ரத்தம் எடுக்கும் அம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

டிஸ்க்கை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு என்டரைத் தட்டினாள். கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்து, இந்த முறை பாஸ்வேர்டு கேட்டது. அவள் அடித்தாள், தப்பாக விழுந்தது. விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை அடித்தாள். ரிப்போர்ட்டுகள் வரிசையாக வந்து நின்றன. அவள் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனாள். வருஷங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. பத்தாவது வருஷம் வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தாள்.

மேனேஜர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஞாயிறன்று டிஸ்க்கை வெளியே எடுக்க மறந்துபோனதே நினைவில்லை, தான் அதைப் போட்டதால்தான் எல்லாம் அழிந்துவிட்டது என்று நினைத்ததாகச் சொன்னார். திங்களன்று அலமாரிக் கவரை எடுத்து அரக்கு வைத்தபோது உள்ளே பார்க்கக்கூடத் தோன்றவில்லை, கவருக்குள் இருந்த அட்டையின் கனத்தை டிஸ்க் என்றே நினைத்துவிட்டார். ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம். பத்து வருஷ ரிப்போர்ட்டை அழித்தவன் என்ற பெயரோடு வீட்டுக்குப் போக வேண்டுமா என்று பயந்துகொண்டிருந்தபோதுதான், கைரேகை பொருந்தவில்லை என்று தலைமை அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். மூழ்குகிறவன் கையில் கட்டை அகப்பட்ட மாதிரி இருந்தது என்றார்.

"அந்தக் கட்டை நான்தான் சார்" என்றாள் சிஸ்டம்மா.

மேனேஜர் திரையைக் காட்டி, ஒன்றும் அழியவில்லையே, யாருக்கும் நஷ்டம் இல்லையே என்றார். தலைமை அலுவலகத்துக்கு இப்போதே பேசிவிடுகிறேன், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், விசாரணையே வேண்டாம் என்றார். பேசப் பேச அவர் முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியது. நான்கூட அப்பாடா என்று நினைத்தேன். சாப்பிடப் போகலாமே.

சிஸ்டம்மா திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வாபஸ் வேணாம் சார். வாபஸ் வாங்கினா என் ஃபைல்ல 'புகார் வாபஸ்'னுதான் இருக்கும். 'இவ தப்பு பண்ணல'ன்னு இருக்காது. நாளைக்கு நிரந்தரம் பண்ண எடுத்துப் பார்க்கறவங்க, என்னவோ நடந்திருக்கு, யாரோ பாவம் பார்த்து விட்டிருக்காங்கன்னுதான் நினைப்பாங்க. விசாரணை நடக்கட்டும்."

மேனேஜர் அண்ணியைப் பார்த்தார். இந்தப் பெண்ணுக்கு நீங்களாவது சொல்லுங்கள் என்கிற பார்வை. அண்ணி ஜன்னல் ஓரமாகப் போய் உட்கார்ந்து கணுக்காலைத் தேய்க்க ஆரம்பித்தார். எனக்கோ பசி.

சரியாக நாலு மணிக்கு அதிகாரி வந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர். இங்கே யாரையும் முகம் தெரியாது. நடந்து வந்த களைப்பில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மேனேஜர் அறையில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார். எங்களைச் சுவர் ஓரமாக உட்காரச் சொன்னார். மேனேஜர் ஒரு பக்கம், சிஸ்டம்மா ஒரு பக்கம். ஸ்டோர்ஸ்காரர் கன்னத்தில் கைக்குட்டையோடு வாசலில் நின்றார். அதிகாரி ஃபைலைப் பிரித்து மூன்று பக்கத்தையும் மெதுவாகப் புரட்டிவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"இதுல குற்றம் சாட்டப்பட்டவங்க யாரு? எழுந்திருங்க."

சிஸ்டம்மா பாதி எழுந்துவிட்டாள்.

"நீ உக்காரும்மா" என்றார் மேனேஜர்.

மேஜை விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அவர் எழுந்து நின்றார். அதிகாரி ஃபைலில் இருந்த பெயரையும் எதிரே நின்றவரையும் மாறி மாறிப் பார்த்தார்.